அந்த வூஃபரை ஏன் மாற்றினேன்

பிரபு விழுப்புரத்தில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவர். பழைய ஸ்பீக்கர் பெட்டி எங்கே விலைக்கு வந்தாலும் வாங்கிப் பிரித்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். சென்ற தை மாதம் ஒரு பெரிய மரப்பெட்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார். தொழிலில் இருந்த காலத்தில் நான் செய்த பெட்டி. முன்பலகையின் உட்புறத்தில் பென்சிலில் என் கையெழுத்து அழியாமல் இருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார். வூஃபரைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த வட்டத் துளையின் ஓரமாக விரலை ஓட்டினார். "இங்க பாருங்க. ஸ்க்ரூ போட்ட ஓட்டைங்க ரெண்டு வட்டமா இருக்குது. ஒரு வட்டத்தை மரத்தூளும் பசையும் வச்சி அடைச்சி மேல பெயின்ட் அடிச்சிருக்கீங்க. இதுல மொதல்ல வேற வூஃபரா இருந்துச்சி?"

"ஆமாம்."

"ஏன் மாத்தினீங்க? எரிஞ்சிபோச்சா?"

"சர்வீஸ்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி ஏற்றிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். இதே பெட்டியைப் பற்றி வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டபோதும் இதே சொல்லைத்தான் சொன்னேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இப்போது எழுபதை நெருங்குகிறேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பொய் யோசிக்காமல் வாயில் வந்து நின்றது.

பிரபுவும் அவருடைய நண்பர்களும் வீட்டிலேயே மூன்று வழிப் பெட்டி செய்ய ஆசைப்படுகிறார்கள். சாதாரண கிராஸ்ஓவர் போட்டால் எந்த வூஃபர் ஒத்துவரும் என்று எழுதித் தரும்படி என்னை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கும், வாசலில் பிரபு கேட்ட கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, திண்டிவனத்தில் பிலோமினா அம்மாவின் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறையை ஆரம்பித்தவர் அவருடைய கணவர். அவர் இறந்த பிறகு அம்மாவே நடத்தினார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். சுற்றுவட்டாரத்து சவுண்ட் செட்காரர்கள் எல்லாரும் பெட்டி செய்ய அவரிடம்தான் வருவார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வழிப் பெட்டியில் மூன்று ஸ்பீக்கர்கள் இருக்கும். மத்தளம் போன்ற கனத்த ஓசைக்கு வூஃபர். மனிதக் குரலுக்கு மிட். சலங்கை, தாளம் போன்ற மெல்லிய ஓசைக்கு ட்வீட்டர். வருகிற ஒலியைப் பிரித்து இந்த மூன்றுக்கும் அனுப்புவது கிராஸ்ஓவர். சாதாரண கிராஸ்ஓவர் என்றால் வூஃபருக்கு ஒரு கம்பிச்சுருள், மற்றவற்றுக்கு ஆளுக்கொரு கெப்பாசிட்டர். அந்தக் கம்பிச்சுருளை நாங்கள் காயில் என்போம். இவ்வளவுதான். செலவு குறைவு, பழுதும் குறைவு. ஆனால் அந்த ஒற்றைக் காயில் சுவர் மாதிரி நின்று எதையும் தடுக்காது. அது ஒரு சரிவுதான். குரல் வூஃபருக்குள் போகாமல் அது முழுவதுமாக நிறுத்தாது, மெல்ல மெல்லத்தான் குறைக்கும். ஆகவே தனக்கு வேலையில்லாத இடத்திலும் வூஃபர் கொஞ்சம் பேசிக்கொண்டுதான் இருக்கும். அங்கே அது எப்படிப் பேசுகிறது என்பதை வைத்துத்தான் வூஃபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிலோமினா அம்மா அப்படித்தான் தேர்ந்தெடுப்பார். புது வூஃபர் வந்ததும் மேசையில் மல்லாக்க வைப்பார். இரண்டு கைகளின் விரல்களையும் காகிதக் கூம்பின் மேல் சமமாகப் பதித்து, மெல்ல அழுத்திவிடுவார். உள்ளே எங்காவது உரசுகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஒரு டார்ச் செல்லை இரண்டு முனையிலும் தொட்டு, கூம்பு முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று பார்த்து, பிளஸ் முனையில் சிவப்புப் புள்ளி வைப்பார். நகத்தால் கூம்பைத் தட்டுவார். டப் என்று அடங்கிவிட்டால் சரி. சத்தம் இழுத்துக்கொண்டு நின்றால் முகம் சுருங்கும். வேண்டாம் என்று வாயால் சொல்லமாட்டார். அந்த வூஃபரை எடுத்து மேசையின் ஓரத்தில் குப்புறக் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்ததை நாங்கள் திருப்பிப் போடக் கூடாது.

கடைசிச் சோதனைதான் எல்லாரும் சிரிக்கும் சோதனை. காயில் எதுவும் இல்லாமல் வூஃபரை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பின்கட்டுக் கதவருகே வைப்போம். பட்டறையில் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு மூட்டை இருந்தது. ஊரெல்லாம் வாடிக்கைக்காரர்கள், எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்துவிடும். ஒருவர் உள்ளே மைக்கில் அந்தப் பத்திரிகையில் இருக்கிற உறவுக்காரர்கள் பெயரை வரிசையாகப் படிக்க வேண்டும். அம்மா கொல்லைக்கோடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்வார். வூஃபர் மட்டும் பேசுவதால் குரல் மந்தமாகத்தான் இருக்கும். மந்தமாக இருப்பதற்காக அவர் எதையும் ஒதுக்கியதில்லை. ஒரு பெயரில் குரல் கூவினாலோ, குடத்துக்குள் பேசுவதுபோல் முட்டினாலோ உள்ளே வந்து கவிழ்த்துவிடுவார்.

ஒருநாள் பெட்டிக்காகக் காத்திருந்த ஒரு செட்காரர் பொறுமை இழந்தார். "இன்னாம்மா இது, காலையிலேர்ந்து பத்திரிகையே படிச்சிக்கினு இருக்கீங்க. பந்தி எப்பம்மா போடுவீங்க?"

"பொண்ணு இன்னும் பேசலப்பா. பேசினப்புறம்தான் தாலி. நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றார் அம்மா.

நான் அன்று கேட்டேன். "அம்மா, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டா ஜல்தியா முடிஞ்சிடுமே?"

"இன்னாப்பா பி.எஸ்சி., பாட்டு உனக்குத் தெரிஞ்சதுதான? தெரிஞ்ச பாட்டுல பாதிய உன் மனசே பாடிக்கும். யாரு வூட்டுத் தாய்மாமன் பேரோ உனக்குத் தெரியாது. அது காதுல வுழுந்தாத்தான் உண்டு."

என்னை எப்போதும் பி.எஸ்சி. என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக இருந்தாலும் என் கணக்குகளை மதித்தார். இத்தனை லிட்டர் பெட்டிக்கு இந்த வூஃபர் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். எங்காவது தவறு இருந்தால் பிடித்துவிடுவார். ஆனால் கணக்கு சரியாக வந்தால்கூடப் பத்திரிகைச் சோதனையை விடமாட்டார். "இது கீழ எவ்ளோ எறங்குதுன்னு சொல்லுது. மேல இன்னா பண்ணுதுன்னு சொல்லலியே" என்பார். அவர் சொன்னது எனக்கு அன்றே புரிந்தது. ஏற்கத்தான் மனம் வரவில்லை. படித்தவன் செய்கிற வேலையில் இந்தக் கல்யாணப் பத்திரிகை எனக்குக் கூச்சமாக இருந்தது.

சில ஆண்டு கழித்து விழுப்புரத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். அம்மா வாழ்த்தித்தான் அனுப்பினார். ஆரம்பத்தில் பத்திரிகைச் சோதனையை நானும் செய்தேன். பிறகு அவசரமான வேலைகளுக்கு மட்டும் விட்டேன். கொஞ்சநாளில் எல்லா வேலையும் அவசரமாகிவிட்டது.

அப்போதுதான் ஏழுமலை வந்தார். கண்டமங்கலம் பக்கத்தில் சவுண்ட் செட் வைத்திருந்தவர். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் சித்திரையில் தீமிதித் திருவிழா நடக்கும். தீமிதிக்கு முன்னால் பல நாள் தொடர்ந்து பகலில் கதைப் பிரசங்கம், இரவில் கூத்து. அதுவரை ஏழுமலை குழாய் ஸ்பீக்கர்தான் கட்டிக்கொண்டிருந்தார். கோயில்காரர்கள் இந்த வருடம் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மத்தளம் அடிச்சா நெஞ்சுல வந்து இடிக்கணும் சார். பக்கத்து ஊருக்காரன் வயித்தெரிச்சல் படணும். அந்த மாதிரி வூஃபர் போட்டுக் குடுங்க" என்றார்.

நான் தேர்ந்தெடுத்த வூஃபர் இரட்டைக் காந்தம் வைத்தது. கூம்பு தடித்து விறைப்பாக இருந்தது. கூட ஒரு விவரத்தாள் வந்தது. கணக்குப் போட்டேன். பெட்டியின் அளவுக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. அந்தத் தாளில் ஒரு வரைபடமும் இருந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது, வலது ஓரத்தில், மனிதக் குரலின் மெய்யெழுத்துகள் விழுகிற இடத்தில், திடீரென ஒரு மேடு எழுந்து பிறகு சரிந்தது. அதைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். அதற்குத்தான் காயில் இருக்கிறதே என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். விரலால் அழுத்தினேன், செல் வைத்துப் பார்த்தேன், நகத்தால் தட்டினேன். கொஞ்சம் சத்தம் இழுத்தது. பத்திரிகையை எடுக்கவில்லை. ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பெட்டிகளை அனுப்பிவிட்டேன்.

திருவிழா கொடியேறிய அன்று நானும் போயிருந்தேன். பாட்டுப் போட்டதும் ஊரே வாய்பிளந்தது. பிள்ளைகள் பெட்டியின் முன்னால் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்று அதிர்வைப் பிடித்தார்கள். வேறு செட்காரர்கள் மூன்று நான்கு பேர் வந்து கேட்டுவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்கள். எல்லாருக்கும் இதே மாதிரி வேண்டும். என் கடைக்கு அதுவரை அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

மறுநாள் பிற்பகல் பிரசங்கம் தொடங்கியது. பிரசங்கியார் பெயர் தேவநாதன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு அவர்தான் தொடர்ந்து வருகிறவர். கனத்த குரல், வேகமான பேச்சு. அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சுவிடாது என்று ஏழுமலை சொல்லியிருந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் மறுபடி போனபோது, கதையில் சபை நடுவே ஒரு பெண் நியாயம் கேட்கிற கட்டம். வழக்கமாக அந்தக் கட்டத்தில் பெண்கள் அழுதுவிடுவார்களாம். அன்று யாரும் அழவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி சொல்றாரு?"

"எனக்கின்னா தெரியும். ஙொய்ங்னு கேக்குது."

"அவுருக்குப் பல்லு போயிடுச்சிடி. பாரு, முன்னாடி ரெண்டு இல்ல. காத்துதான் வருது."

கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். பந்தலின் பின்பாதி காலியாயிற்று. அவர் குரலை உயர்த்தினார். உயர்த்த உயர்த்த இன்னும் மோசமானது. நான் வயல் ஓரம்வரை நடந்துபோய் நின்று கேட்டேன். மத்தளம் அங்கேயும் நெஞ்சில் இடித்தது. மனிதர் பேசுவது மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் பேசுவதுபோல் இருந்தது. வரைபடத்தில் நான் பார்த்த மேடு அதுதான்.

சந்தேகம் இருந்துவிடக் கூடாதென்று அடுத்த நாள் காலை, பந்தலுக்கு யாரும் வருவதற்கு முன்பே போனேன். வூஃபரின் கம்பியைக் கழற்றிவிட்டு மைக்கில் பேசினேன். குரல் மெலிந்து, தெளிவாக விழுந்தது. வூஃபரை மட்டும் வைத்துப் பேசினேன். என் குரலே கூவிக்கொண்டு முட்டியது. வூஃபரும் மிட்டும் ஒன்றாகப் பேசும்போது இந்தக் கூவல்தான் மெய்யெழுத்துகளைத் தின்றுகொண்டிருந்தது. பாட்டில் அது தெரியவில்லை, ஏனென்றால் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டு.

பிரசங்க நேரத்தில் மட்டும் வூஃபரைக் கழற்றி வைத்திருந்தால் போதும். ஒரு கம்பியைக் கழற்றுகிற வேலை. அப்படிச் செய்தால் இடி எங்கே என்று ஏழுமலை கேட்பார். பேச்சுக்கு ஆகாத பெட்டி என்று தெரிந்துவிடும். நேற்றுவரை கடைக்கு வந்துகொண்டிருந்த செட்காரர்கள் நின்றுபோவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். கம்பியை மறுபடி மாட்டிவிட்டேன்.

நான் திரும்பும்போது பிரசங்கியார் எதிரில் நின்றார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கோயில் குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீதான பொட்டி பண்ணது? ஒன்னு கேக்கணும். போன வருசம் கொழாயில என் பேச்சு களத்துமேடு வரைக்கும் வுழுந்துச்சி. இந்த வருசம் முன்னாடி குந்தியிருக்கறவங்களே எழுந்து போறாங்க. பொட்டியில எதுனா கோளாறா?"

இதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியாது. அவர் கண்ணில் கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பெட்டியில ஒன்னும் இல்லீங்க ஐயா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் படிப்பு அங்கே எனக்கு உதவிக்கு வந்தது. "குழாயில எல்லாக் குரலும் ஒரே மாதிரிதாங்க கேக்கும். இந்தப் பெட்டி அப்படி இல்ல. உள்ளதை உள்ளபடி காட்டிடும். நீங்க கொஞ்சம் நிறுத்தி, வாயை நல்லாத் திறந்து பேசிப் பாருங்க."

அவர் தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்டியா? சரி தம்பி. நல்லவேளை சொன்ன" என்றார்.

அன்று பிற்பகல் அவர் நிறுத்திநிறுத்திப் பேசினார். அவருடைய வேகமே அவருடைய கலை. அது போய்விட்டது. கூட்டம் இன்னும் குறைந்தது. நான் சொன்ன விளக்கம் எப்படியோ ஊருக்குள் பரவியது. "கொழா எரைச்சல்ல இத்தினி வருசம் தெரியல. நல்ல பொட்டி வந்ததும் குட்டு வெளிப்பட்டுப்போச்சி" என்று தர்மகர்த்தாவே டீக்கடையில் சொன்னதைக் கேட்டேன்.

திருவிழா முடிந்ததும் பெட்டிகளைக் கடைக்கு எடுத்துவரச் சொன்னேன். லேசான காகிதக் கூம்பு உள்ள வேறு வூஃபர்களைப் பத்திரிகைச் சோதனை செய்து தேர்ந்தெடுத்தேன். மேசையில் கவிழ்த்தவை பல. தேறியவற்றைப் பொருத்தினேன். புது வூஃபரின் துளைகள் வேறு இடத்தில் வந்ததால் பழைய துளைகளை அடைத்தேன். "ஏன் சார் மாத்தினீங்க?" என்று ஏழுமலை கேட்டார். "சர்வீஸ்" என்றேன். இடி சற்றுக் குறைந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

தவறைச் சரிசெய்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த ஆண்டு பிரசங்கியார் இதே பெட்டியில் தெளிவாகப் பேசுவார், ஊர் வாயடங்கும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த சித்திரையில் போனேன். மேடைக்குப் போகுமுன் பிரசங்கியாரே என்னைத் தேடி வந்தார். சிரித்தார். முழுப் பல்வரிசை, வெள்ளைவெளேரென்று.

"பாத்தியா தம்பி? நீ சொன்னப்புறம் யோசன பண்ணேன். பொட்டியில இல்லன்னா வாயிலதான இருக்கணும்? விழுப்புரத்துல டாக்டர்கிட்ட போனேன். நல்ல பல்லுங்க இருக்குதே, அதை ஏன் எடுக்கணும்னாரு. நான்தான் அரைகொறையா வேணாம், எல்லாத்தையும் எடுத்துட்டு செட்டா வச்சிடுங்கன்னேன்."

அந்தப் பல்செட்டோடு அவர் மேடை ஏறினார். வேகமாகப் பேசும்போது செட்டு நழுவியது. நாக்கு அதைத் தேடித் தேடித் தள்ளியது. ஒவ்வொரு அடுக்கிலும் சகரமும் தகரமும் வழுக்கின. பெட்டி இப்போது சரியாக இருந்தது. ஆகவே அவ்வளவையும் ஒன்றுவிடாமல் களத்துமேடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னால் இருந்த இளைஞர்கள் சிரித்தார்கள்.

இரண்டு நாளில் அவரைச் சகல மரியாதையோடு அனுப்பிவைத்துவிட்டுப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வேறொருவரை அழைத்து வந்தார்கள். அவர் பேச்சு கணீரென்று விழுந்தது. தர்மகர்த்தா என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார். அதே மைக்கு, அதே பொட்டி. ஆளுதான் வேற. கோளாறு அவுரு வாயிலதான?"

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்பது இதுதான். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் காரணம் தெரியும். அந்த ஊர் அப்படித்தான் சோதித்ததாக நம்பியது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றல்ல, இரண்டு மாறியிருந்தன, ஆளும் வூஃபரும். அது எனக்கு மட்டும் தெரியும். "ஆமாங்க" என்றேன்.

பிறகு தேவநாதன் எங்கும் பிரசங்கத்துக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊர் விட்டால் மற்ற ஊர்களும் விட்டுவிடும். என் கடை நன்றாக நடந்தது. பேச்சுக்கு ஏற்ற பெட்டி என்றால் ராஜவேலு கடை என்று பெயர் வந்தது. உண்மையும்கூட. அதன் பிறகு ஒரு வூஃபரைக்கூடப் பத்திரிகைச் சோதனை இல்லாமல் நான் வெளியே அனுப்பவில்லை. பிலோமினா அம்மா சாகும்வரை இதை அவரிடம் சொல்லவில்லை.

பிரபு பெட்டியைக் கொண்டுவந்த மறுவாரம் அவரை அழைத்து உண்மையைச் சொன்னேன். "அவுரு இருக்காராங்க ஐயா?" என்றார். விசாரித்தோம். வானூர் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். பிரபுவின் பைக்கில் போனோம்.

தொண்ணூறை நெருங்குகிற மனிதர். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல்செட்டு வாயில் இல்லை, எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாராம். என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வூஃபர், வரைபடம், நான் கழற்றி மாட்டிய கம்பி, பந்தலில் சொன்ன பொய் எல்லாவற்றையும். நான் சொல்லி முடித்ததும் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. இவுரு இன்னா சொல்றாரு கேளு. என் வாய் இல்லியாம். பொட்டியாம்."

அவருடைய மனைவி வெளியே வந்தார். முறத்தில் கேப்பை இருந்தது. "இன்னாய்யா சொல்ற?" என்று என்னிடம் கேட்டார். மறுபடி சொன்னேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "நான்கூட சொன்னேனே. ஊரு சிரிக்குது, போதும் நிறுத்திக்குங்கன்னு நான்தான சொன்னேன். முந்திரித்தோப்புக்குக் காவலுக்கு அனுப்பினது நான்தான?" அவர் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

தேவநாதன் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா மைக்கை எடுத்து ஓரமா வச்சிட்டு வெறும் வாயால பேசியிருப்பேனே தம்பி. சின்ன வயசுல அப்டித்தான பேசினேன். எனக்கு உன் பொட்டி எதுக்கு?"

இத்தனை ஆண்டில் இது எனக்குத் தோன்றவே இல்லை. கம்பியைக் கழற்றுவதா, வூஃபரை மாற்றுவதா என்றுதான் யோசித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே வழி கண்டுபிடித்திருப்பார்.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்றேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. என் வாய் எப்டி இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா? நீ சொன்னியேன்னுதான் சந்தேகப்பட்டேன். அந்த ஊர்ல போயி சொல்லு. பிரசங்க நேரத்துல, மைக்குல."

இந்தச் சித்திரையில் போனேன். தர்மகர்த்தாவின் மகன் இப்போது பொறுப்பில் இருக்கிறார். "இன்னாத்துக்கு பெருசு இப்ப அதெல்லாம்? யாருக்கு நாவகம் இருக்குது?" என்றார். பிரபு பேசிச் சம்மதிக்கவைத்தார். பிரசங்கம் தொடங்குமுன் மேடை ஏறினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. இளவயதுக்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் மட்டும் எழுந்து நின்றார். "அப்ப அவுருக்கு வாய் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

"ஐயோ பாவமே" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிரபு அதையெல்லாம் செல்போனில் எடுத்திருந்தார். அடுத்த ஞாயிறு வானூர் போய்ப் பெரியவரிடம் காட்டினோம். செல்போனைக் காதோரம் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டார்.

"எல்லாம் சொல்லியிருக்க. வூஃபர் கதையெல்லாம் நல்லா நிறுத்தி, நல்லா சொல்லியிருக்க" என்றார். "தெரிஞ்சே பொய் சொன்னேன்னு வர்ற எடத்துல மட்டும் கொரலு உள்ள போயிடுச்சி. கதைக்கே அதுதான எடம். அங்க எறங்கக் கூடாது தம்பி."

செல்போனைப் பிரபுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க சொல்லு, பாப்போம். எழுந்து நின்னு சொல்லு."

எழுந்து நின்றேன். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி வாசற்படியில் வந்து நின்றார்.

"பெட்டியில்தான் குறை இருந்தது. உங்கள் வாயில் ஒரு குறையும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன்."

எதிர்ச்சாரியில் யாரோ ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். பெரியவர் தலையை ஒருமுறை ஆட்டினார்.

"இப்ப கேட்டுச்சி" என்றார்.